பழைய மினிக்கு இன்ஜெக்‌ஷன்: தனி மேனிஃபோல்டு செய்யலாமா, கூடாதா?

மினிப்பிரியன்:
என் 1275 சிசி மினி காரில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பம்பின் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பொருத்த முடிவு செய்திருக்கிறேன். எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டை நானே வரைந்து, சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் அலுமினியத்தில் செய்யக் கொடுக்க எண்ணம். நண்பகல் நெரிசலில் சற்று நேரம் நின்றாலே கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்துவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்குக் கார்புரேட்டர் சரிவராது.

பழையஇரும்பு:
தம்பி, குற்றம் வெயிலின் மேல் இல்லை. மினியில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் வழி) எஞ்சினின் ஒரே பக்கம். தகிக்கும் குழாய்க்குப் பக்கத்திலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. வெப்பத் தடுப்புத் தகடு போட்டுப் பாருங்கள். பாதித் தொல்லை தீரும். பழைய கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டப் போகிறீர்கள். அதற்காக எஞ்சினின் முகத்தையே மாற்றுவதா? எஸ்.யூ.வுக்கு 0.3 பார் அழுத்தம் தாராளம். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு 3 பார் வேண்டும். பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காது, தீப்பிடிக்கும். நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் முதலில் கேளுங்கள்.

மினிப்பிரியன்:
குழாயையும் பம்பையும் கட்டாயம் மாற்றுவேன்; ஆணையத்திடம் கேட்காமல் ஒரு போல்ட்டையும் தொடமாட்டேன். ஆனால் இன்ஜெக்‌ஷன் பழைய காருக்கு அந்நியம் என்பதை ஏற்கமாட்டேன். 1954இலேயே மெர்சிடிஸ் 300 எஸ்.எல். இன்ஜெக்‌ஷனோடு வந்தது. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600இல் போஷ் மின்னணு இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மினிக்கே 1996இல் ரோவர் நிறுவனம் இரண்டு இன்ஜெக்டர் வைத்தது.

லேத்துக்கை:
இருவரும் முக்கியமானதைத் தொடவில்லை. மினி எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இன்டேக் வாய்கள் இரண்டுதான்: 1, 2க்கு ஒன்று; 3, 4க்கு ஒன்று. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. ஆகவே ஒவ்வொரு வாயிலும் உள் சிலிண்டர் (2 அல்லது 3) முதலில் காற்றை இழுக்கும்; கிராங்க் தண்டு 180 பாகை சுழன்றபின் வெளிச் சிலிண்டர் இழுக்கும்; பிறகு 540 பாகை ஓய்வு. அந்த ஓய்வில் தெளித்த பெட்ரோல் முழுவதும் உள் சிலிண்டருக்குப் போய்விடும், வெளியே உள்ளது பட்டினி கிடக்கும். மேனிஃபோல்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் இது தீராது. எந்தச் சிலிண்டரின் முறை என்று இன்ஜெக்டரை இயக்கும் கணினிக்குத் தெரிய, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் நிலையைக் காட்டும் கேம் சென்சார் வேண்டும். பெரிய இன்ஜெக்டர், குறுகிய தெளிப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் தனித்தனியாக.

வெல்டிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெட்டோடு பொருந்தும் தட்டையான விளிம்பான ஃபிளேன்ஜின் தடிமன் 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தடித்த இரும்புத் தகட்டில் இறுக்கி வைத்துத்தான் வெல்டிங். அப்படிச் செய்தாலும் அலுமினியம் வளையும். முடிந்தபின் மில்லிங் இயந்திரத்தில் முகத்தைச் சமன்படுத்தாவிட்டால் காற்று கசிந்து ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) நிலையாக இருக்காது. பிரேக்கை மிதிக்க வலுக்கூட்டும் பிரேக் பூஸ்டர் இருந்தால் அதற்கான வெற்றிட இணைப்பையும் வரைபடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மினிப்பிரியன்:
ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் வேகத்தில்தானே சுழல்கிறது. சென்சாரை அந்த இடத்தில் வைத்துவிடலாம், அண்ணா.

பழையஇரும்பு:
கார்புரேட்டர் போயிற்று, இப்போது டிஸ்ட்ரிபியூட்டரும். என் எதிர்ப்பில் மாற்றமில்லை. சாலையோரம் நின்றுவிட்டால் எஸ்.யூ.வை ஒரு திருப்புளியால் சரிசெய்யலாம். சென்சார் செத்தால் இழுவை வண்டிதான். செய்தே தீருவீர்களானால், மிஞ்சும் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பும் குழாயையும் புதிதாகப் போடுங்கள். மோதலில் பம்பை நிறுத்தும் சுவிட்சு இல்லாமல் அந்த வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.