மழைத்தண்ணி ஏறின இசியு: பழைய ஃபைலை வேற இசியுல ஏத்தியும் வண்டி அணைஞ்சிடுது

கும்பகோணம் டீசல்:
காமன் ரெயில் டீசல் மினி லாரி, பிஎஸ்4, இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போஷ் இடிசி17. ஐப்பசி மழையில கனெக்டர் வழியா தண்ணி இறங்கி பின்னெல்லாம் பச்சை பூத்துடுச்சு. அரை உசுரா இருந்தப்பவே ஓபிடி (வண்டியில ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்) வழியா ரீட் போட்டு 2 எம்பி ஃபைல் எடுத்தாச்சு. அதே 0281 ஹார்டுவேர் நம்பர்ல செகண்ட்ஹேண்ட் இசியு வாங்கி அதுல எழுதினா, ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்டுல நின்னுடுது. சாவி லைட் மின்னுது. கேலிபிரேஷன் ஃபைல் தப்பா அண்ணே?

தஞ்சை இசியு பெஞ்ச்:
ஃபைல்ல கோளாறு இல்ல தம்பி, ஃபைல் பாதிதான் இருக்கு. இடிசி17-ல ஓபிடி ரீட் பெரும்பாலும் நிஜ ரீட் இல்ல. டூல் 1037-ல தொடங்குற சாஃப்ட்வேர் நம்பரைப் பார்த்து, அதுக்குரிய கம்பெனி ஃபைலை சர்வர்லேர்ந்து இறக்கிக் கொடுக்கும். அதுல புரோகிராமும் கேலிபிரேஷனும் வரும். புரோகிராம்ங்கறது எப்படிக் கணக்குப் போடணும்னு சொல்ற கோடு. கேலிபிரேஷன்ங்கறது அந்தக் கணக்குக்கான அட்டவணைகள் (ரெயில் பிரஷர், டார்க் லிமிட், புகை லிமிட்).

இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லேன்னா வண்டியை ஓடவிடாத பூட்டு) ரகசியம், சேசிஸ் நம்பர், இன்ஜெக்டர் கோடு (ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உள்ள தனி அளவுத் திருத்தம்) இதெல்லாம் அதுல வராது. அது டிஃபிளாஷ்ல (டேட்டா மெமரி) தனியா உக்காந்திருக்கு. டிசி1767 சிப்னா பிஃபிளாஷ் (புரோகிராம் மெமரி) 2 எம்பி, டிஃபிளாஷ் 64 கேபி. இப்ப வாங்கின இசியுல இன்னும் பழைய வண்டியோட சாவிதான் இருக்கு, அதான் டீசலை வெட்டுது.

பழைய இசியுவை நல்லாக் காயவச்சு, பின்னை ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் போட்டுச் சுத்தம் பண்ணிட்டு, பெஞ்ச்லயோ (இசியுவைக் கழட்டி மேசையில வச்சு) பூட் மோட்லயோ (மூடியைத் திறந்து சிப்போட நேரா பேசி) பிஃபிளாஷ், டிஃபிளாஷ் ரெண்டையும் எடுங்க. ரெண்டு தடவை ரீட் பண்ணி ஒப்பிடுங்க. ஒரு பைட் மாறினாலும் அந்த ரீட் செல்லாது; பின்லயோ சப்ளையிலயோ இன்னும் கோளாறு. ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைலை பைட் பைட்டாக் காட்டுற சாஃப்ட்வேர்) திறந்தா முழுக்க எஃப்எஃப்னு வந்தாலும் அப்படித்தான்.

வாங்கினதுல இருக்கிறதையும் முதல்ல பேக்கப் எடுத்துட்டு அப்புறம் எழுதுங்க. ரெகுலேட்டட் சப்ளை 13 வோல்ட், 2 ஆம்பியர் லிமிட் போதும். பேட்டரி சார்ஜரை மாட்டிடாதீங்க. லேப்டாப்பும் சப்ளையும் யுபிஎஸ்ல இருக்கட்டும். நம்ம பக்கம் மழைக்காலத்துல கரண்ட்டை நம்பி எழுத முடியாது.

மன்னார்குடி ஆட்டோ எலக்ட்ரிக்:
இதோட "பவர் ஃபைல்" (பவரைக் கூட்ட மேப்பை, அதாவது கேலிபிரேஷன் அட்டவணையை, மாத்தின ஃபைல்) போட்டுத் தர்றேன்னு யாராவது வந்தா இப்ப வேண்டாம். குளோன் பண்றப்ப (பழைய இசியுவை அப்படியே நகல் எடுக்கறப்ப) ஒரு பைட்டும் மாத்தலைன்னா செக்சம் (ஃபைல் மாறலைன்னு சரிபார்க்குற கூட்டுத்தொகை) சரியாவே இருக்கும். மேப்பைத் தொட்டா செக்சம் திருத்தணும். அப்புறம் வண்டி நின்னா குளோனா மேப்பான்னு தெரியாம முழிக்கணும்.

வயரிங்கையும் பாருங்க. ஹார்னஸ் கனெக்டர்ல ஈரம் இருந்தா புது இசியுவும் அதே கதிதான். ரப்பர் சீலை மாத்துங்க.

கும்பகோணம் டீசல்:
பெஞ்ச்ல எடுத்து ரெண்டையும் எழுதினதும் வண்டி நிக்காம ஓடுது. சாவி லைட் அணைஞ்சிடுச்சு. ஆனா ஐடிலிங்ல லேசா தட்டுது. தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே தட்டிட்டு இருந்ததுன்னு டிரைவர் சொல்றார். ஃபைலோட வேலையா?

தஞ்சை இசியு பெஞ்ச்:
முன்னாடியே தட்டினதுன்னா குளோன் மேல பழி போடாதீங்க. டிஃபிளாஷ் அப்படியே வந்திருக்கு, அதோட பழைய இன்ஜெக்டர் கோடும் வந்திருக்கு. நடுவுல யாராவது இன்ஜெக்டர் மாத்திட்டுக் கோடு ஏத்தாம விட்டிருக்கலாம். ஸ்கேனர்ல நாலு கோடையும் எடுத்து, இன்ஜெக்டர் தலையில பொறிச்சிருக்கறதோட சிலிண்டர் வரிசைப்படி ஒப்பிடுங்க. பூஜ்யமா, ஓவான்னு குழப்பிடாதீங்க. ஒண்ணு மாறியிருந்தாலும் அதை மட்டும் ஏத்தி, இக்னிஷனை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க.

கோடெல்லாம் ஒத்துப்போயும் தட்டினா இன்ஜெக்டர் ரிட்டர்ன் லீக் டெஸ்ட் (ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி விடுற டீசலைத் தனித்தனி குப்பியில பிடிச்சுப் பார்க்கறது) பண்ணுங்க. ஒரு குப்பியில மட்டும் டீசல் சீக்கிரம் நிரம்பினா லேப்டாப்பை மூடிட்டு அந்த இன்ஜெக்டரைக் கழட்டலாம்.