சம்பளம் குறைந்திருக்கிறது, பில்டர் விலையும் குறைத்திருக்கிறார்: இப்போது ஃபிளாட் வாங்கலாமா? (ஜூலை 2020)

நாவலூர்_கனவு:
வணக்கம். நான் சோழிங்கநல்லூரில் ஐடி வேலையில் இருக்கிறேன், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஏப்ரலில் இருந்து எனக்கு 20% பிடித்தம், அவருக்குப் பாதிச் சம்பளம்தான். இரண்டும் சேர்த்து 92 ஆயிரம் வந்த இடத்தில் இப்போது 68 ஆயிரம். மேடவாக்கத்தில் 13 ஆயிரம் வாடகை.

பிப்ரவரியில் நாவலூர் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்தோம், 56 லட்சம் என்றார்கள். போன வாரம் அவர்களே கூப்பிட்டு 50க்குத் தருகிறோம், கார் பார்க்கிங் இலவசம், சாவி கொடுக்கும் வரை வங்கி வட்டியையும் நாங்களே கட்டுகிறோம் என்கிறார்கள். கட்டடம் ஆறாவது மாடி வரை எழும்பியிருக்கிறது. கையில் நகையை அடகு வைப்பதையும் சேர்த்து 12 லட்சம். விலை இறங்கும்போது வாங்காமல் எப்போது வாங்குவாய் என்கிறார் அப்பா. ஆறு மாதம் பொறுத்தால் பாதி விலைக்கு வரும் என்கிறார் மாமனார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுத் தூக்கம் போய்விட்டது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

படூர்வாசி:
தம்பி, நான் 2008 ஜனவரியில் படூரில் புக் செய்தவன். அந்த செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி விழுந்தது, தீபாவளிக்கு அப்புறம் எங்கள் சைட்டில் ஆளே இல்லை, சென்ட்ரிங் பலகைகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. புது புக்கிங் வந்தால்தான் அந்த பில்டர் அடுத்த மாடி போடுவார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வங்கி விடுவித்த பணத்துக்கு வட்டி ஒரு பக்கம், குடியிருந்த வீட்டு வாடகை இன்னொரு பக்கம். 2010இல் தருவதாகச் சொன்ன சாவி 2013இல் வந்தது. அந்த மூன்று வருடத்தை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

உங்கள் மாமனார் சொல்கிற பாதி விலையை எதிர்பார்த்து அப்போதும் பலர் காத்திருந்தார்கள், நான் பார்த்த வரை அது வரவில்லை. பில்டர்கள் வெளிப்படையாக விலையைக் குறைக்க மாட்டார்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பார்க்கிங், மாடுலர் கிச்சன், பத்திரச் செலவு என்று வேறு வழியில்தான் இறங்கி வருவார்கள். ஒருவர் வாய் திறந்து 6 லட்சம் குறைக்கிறார் என்றால் அவருக்குப் பணம் எவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். என் காலத்தில் பில்டர்களைக் கட்டுப்படுத்தும் ரெரா சட்டம் கிடையாது. இப்போது இருக்கிறது, வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் தொகையில் 70% தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் கொரோனாவைக் காரணம் காட்டி, மார்ச் 25க்குப் பிறகு முடிய வேண்டிய திட்டங்களுக்கு ஆறு மாதம் நீட்டிப்பு தரச் சொல்லி மே மாதம் மத்திய அரசு அறிவுறுத்தியிருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள தேதியை அப்படியே நம்பாதீர்கள்.

கடன்_மேசை:
வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். சார், உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 50 லட்சத்துக்கு 80%தான் கடன், அதாவது 40. மீதி 10 உங்கள் கையிலிருந்து. கட்டி முடிக்காத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5%, அது இரண்டரை லட்சம். 12 லட்சம் இங்கேயே தீர்ந்துவிட்டது, பத்திரச் செலவு இன்னும் தொடங்கவே இல்லை.

7.5% வட்டியில் 20 வருடத்துக்கு இஎம்ஐ 32,224. ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4%க்கு வந்ததால் கிடைக்கும் வட்டி இது, 20 வருடமும் இப்படியே இருக்காது. 2008 ஆகஸ்டில் 9% இருந்த ரெப்போ எட்டே மாதத்தில் 4.75%க்கு இறங்கியது, ஏறுவதும் அப்படி நடக்கலாம். 9.5% ஆனால் 37,285 கட்ட வேண்டும்.

கொரோனாவுக்காகத் தவணையைத் தள்ளிப்போடும் மாரடோரியம் இருக்கிறதே என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். அது தள்ளுபடி இல்லை. இதே கடனின் தொடக்கத்தில் ஆறு மாதம் கட்டாமல் விட்டு, இஎம்ஐயை மாற்றாமல் வைத்தால் கடைசியில் கிட்டத்தட்ட 23 மாதம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்த 'வட்டியை நாங்களே கட்டுகிறோம்'. கடன் உங்கள் பெயரில்தான். அவர் நிறுத்தினால் வங்கி உங்களைத்தான் கேட்கும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் உங்களுடையதுதான் அடிபடும். நேஷனல் ஹவுசிங் பேங்க் போன ஜூலையிலேயே இந்த மாதிரித் திட்டங்களைத் தவிர்க்கும்படி வீட்டுக் கடன் நிறுவனங்களிடம் சொல்லிவிட்டது. தயவுசெய்து இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கரணை_அக்கா:
எல்லாரும் வேண்டாம் என்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். 2009 மார்ச்சில், வேலை போன ஒருவரிடமிருந்து ஐந்து வருடப் பழைய ஃபிளாட்டை வாங்கினோம். அக்கம்பக்கத்து விலையைவிட 3 லட்சம் குறைவு. பத்திர அலுவலகத்தில் அவர் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருடைய கடனை நாங்கள் நேரடியாக வங்கியில் அடைத்து, மூலப் பத்திரத்தை வாங்கி, 30 வருட வில்லங்கச் சான்றைப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தோம். கட்டி முடித்த வீடு, அடுத்த மாதமே குடிபோனோம்.

எனவே வாங்குவதே தப்பில்லை தம்பி, குடியேறும் நிலையில் இருக்கிற வீட்டைப் பாருங்கள். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று காவலாளியிடமும் எதிர்வீட்டிலும் கேளுங்கள். எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு. முதல் மாடி என்பதால் நாங்கள் தப்பித்தோம்.

நாவலூர்_கனவு:
மிக்க நன்றி. ஜிஎஸ்டியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ராத்திரி தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடிப் பார்த்தேன், முடிக்க வேண்டிய தேதியே 2021 டிசம்பர் என்று இருக்கிறது, அதற்கு மேல் ஆறு மாதம் என்றால் 2022 நடு. அதுவரை வாடகையும் சேர்ந்து என்னால் முடியாது. நாவலூரை விட்டுவிட்டேன், மனைவியும் சரி என்றார். சம்பளம் பழையபடி வரட்டும், அதுவரை நகையைத் தொடப் போவதில்லை. அக்கா, மேடவாக்கம் பக்கம் 40க்குள் பழைய இரண்டு படுக்கையறை வீடு கிடைக்குமா, உங்களுக்குத் தெரிந்த தெருக்களில் எங்கே தண்ணீர் நிற்காது?

பள்ளிக்கரணை_அக்கா:
தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள், நவம்பரில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலை நேரில் போய் நின்று பாருங்கள்.