ஜப்பான் சியண்டால ஒலி 96.8 வரல, செட்டையே மாத்திடவா?

தெம்பனிஸ்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. என்கிட்ட இருக்குறது 2017 டொயோட்டா சியண்டா, பேரலல் இம்போர்ட் (கம்பெனி டீலர் இல்லாம வெளிய இருந்து நேரா இறக்கினது), செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. ரேடியோ ஜப்பான் செட்டு, எஃப்எம் 76ல ஆரம்பிச்சு 90ல முடிஞ்சிடும், நம்ம சிங்கப்பூர்ல அதுல கிடைக்கிறது 88.3, 89.3, 89.7 ரியா மாதிரி ஒரு சில ஸ்டேஷன்தான். எனக்கு பிரச்சனை இல்ல, ப்ளூடூத்ல ஓட்டிக்குவேன். இப்ப அப்பாவ வாரத்துல மூணு நாள் டயாலிசிஸுக்கு கூட்டிட்டு போறேன், அவருக்கு வண்டில ஏறினதும் நம்ம தமிழ் ஸ்டேஷன் ஒலி 96.8 கேக்கணும். "இவ்ளோ காசு குடுத்து வாங்கின காடில ஒரு தமிழ் ரேடியோ வரலியா"ன்னு தினமும் ஒரே பாட்டு.

அது போதாதுன்னு போன வாரம் பேட்டரி செத்துப்போய் கார்ப்பார்க்லயே ஆள வரவச்சு மாத்தினேன், அதுலருந்து ஸ்க்ரீன் முழுக்க ஜப்பான் எழுத்து, கீழ நம்பர் அடிக்கிற கட்டம். போன் கேமராவுல ட்ரான்ஸ்லேட் பண்ணி பாத்தா பாஸ்வேர்டு கேக்குதாம். இருந்த ப்ளூடூத்தும் போச்சு. காக்கி புக்கிட்ல ஒரு கடைல ஆண்ட்ராய்டு செட்டுக்கு கூலியோட 780 சிங்கப்பூர் வெள்ளி சொல்றாங்க, ஊபில ஒருத்தர் 450ங்கிறார், ஜேபி (ஜோகூர் பாரு) போனா இன்னும் மலிவுன்னு மச்சான் சொல்றான். மாத்துறதா, இல்ல ஏதோ எக்ஸ்பேண்டர்னு இருக்காமே அத போட்டு சமாளிக்கிறதா?

பீடோக்_85:
எக்ஸ்பேண்டர் நான் போட்டிருந்தேன் ப்ரோ, பழைய ஹோண்டா ஃபிட்ல. சின்ன டப்பா, ஆண்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவுல சொருகணும், வர்ற அலைவரிசைய மொத்தமா கீழ இறக்கிக் குடுக்கும். 14 இறக்குற மாடல்னா 96.8 உங்க செட்ல 82.8ல வரும். ஆனா 89.7ல 14 போனா 75.7, அது உங்க செட்டுக்கு எட்டாது, அப்ப ரியா காலி. கரகரன்னு ஒரு சத்தமும் கூடவே இருக்கும். எப்படியும் உங்க செட்டு பூட்டிக்கிட்டு கிடக்கு, மொதல்ல அத தொறக்கணும்ல.

ஸ்பேனர்_அங்கிள்:
தம்பி, நான் முன்னாடி ஆறு வருஷம் கார் ஆடியோ கடைல வேலை பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

அந்த பாஸ்வேர்டு ஈஆர்சி லாக். டொயோட்டா ஜப்பான் நேவிகேஷன் செட்டுல பேட்டரிய கழட்டினா திருட்டு செட்டோன்னு சந்தேகப்பட்டு பூட்டிக்கும். தொறந்து குடுக்க ஆள் இருக்காங்க, ஆனா தொறந்தாலும் அதே 90 வரைக்கும்தான், ஜப்பான் மேப்ப வச்சு தெம்பனிஸ்ல என்ன பண்ணுவீங்க. மாத்திடுங்க.

செட்டு வாங்குறப்ப முதல்ல சைஸ பாருங்க. சாதாரண ரெட்டை உயர செட்டு, டபுள் டின்னு சொல்வாங்க, 180க்கு 100 மில்லிமீட்டர், டொயோட்டால பொந்து 200 அகலம். 180 செட்ட வச்சா ரெண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விழும், அதுக்கு சைட்ல ஒட்டுற பீஸ் வாங்கணும், இல்லனா 200 அகலத்துலயே செட்டு கேளுங்க.

அடுத்தது வயர். உங்க வண்டி வயர யாரையும் வெட்ட விடாதீங்க. டொயோட்டாவுக்கு 10 பின், 6 பின் ரெடிமேட் சாக்கெட் கிடைக்கும், சொருகினா முடிஞ்சது. கட்டர தூக்குற கடைலருந்து எந்திரிச்சு வந்துடுங்க. புது செட்டுல மஞ்சள் வயர் எப்பவும் கரண்ட் இருக்குறது, சிவப்பு சாவி திருப்பினா மட்டும் வர்றது. இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன், டைம் எல்லாம் அழிஞ்சிடும். சிலர் சோம்பேறித்தனமா ரெண்டையும் ஒண்ணா முறுக்கி விட்டுடுவான், செட்டு தூங்கவே தூங்காது, உங்க புது பேட்டரி அடுத்த மாசம் மறுபடி செத்துப்போகும்.

உங்களுக்கு முக்கியம் ஒலி கேக்குறதுதான? அப்ப நீல வயர மறக்காதீங்க. இந்த மாதிரி வண்டில ஆண்டெனாவுக்கு உள்ளயே ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும், அதுக்கு கரண்ட் இந்த வயர்லதான் போகணும். இத விட்டுட்டு "செட்டு மட்டம், ஸ்டேஷனே புடிக்கல"ன்னு திரும்பி வந்த வண்டி எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா, பாதி நேரம் இந்த ஒரு வயர்தான்.

ரிவர்ஸ் கேமரா கம்பெனியோட வந்ததா? டொயோட்டா கேமரா நிறைய 6 வோல்ட்ல ஓடுறது, புது செட்டுலருந்து நேரா 12 குடுத்தா புகைஞ்சிடும். நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வைக்கணும், இல்லனா புது கேமராவே போட்டுக்கலாம். உங்க 780க்கும் 450க்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கதான் இருக்கும், சாக்கெட்டு, ஸ்டியரிங் பட்டன் பாக்ஸ், கேமரா எல்லாம் சேத்தா சேக்காமலான்னு ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க.

டப்பா மேல "50 வாட் x 4"ன்னு போட்டிருப்பான், மயங்காதீங்க, அது ஒரு நொடி உச்சம், நிஜத்துல ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் பக்கம் குடுத்தா பெருசு. டிஏபி, அதாவது டிஜிட்டல் ரேடியோ இருக்குன்னு கூட காசு கேட்டா குடுக்காதீங்க, இங்க அத 2011லயே நிறுத்தியாச்சு. ரோட்டு கட்டணத்துக்கான புது ஓபியூ கருவி போட்டிருந்தா அதோட ஒரு பெட்டி முன் சீட்டு பயணி கால் வைக்கிற இடத்துல இருக்கும், அந்த வயர்ல கைய வைக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஹேண்ட்பிரேக் வயர ஷார்ட் பண்ணி ஓட்டும்போதும் வீடியோ வர்ற மாதிரி பண்ணித்தரேன்பான், வேணாம்.

கோப்பி_ஓ_கோசோங்:
சிஓஇ (வண்டி வச்சிருக்குற உரிமம்) முடிய உங்களுக்கு அதிகம் வருஷம் இல்லியே லா. எதுக்கு 780? போன்ல மீலிசன் ஆப்புல ஒலி வருது, ஒரு குட்டி ஸ்பீக்கர டேஷ்போர்டுல வச்சா கதை முடிஞ்சது, மிச்ச காசுல அப்பாவுக்கு நல்ல தோசை வாங்கிக் குடுங்க.

தெம்பனிஸ்_தம்பி:
அத பண்ணி பாத்தாச்சுண்ணே. அவரு போனத் தொட மாட்டாரு. கைய நீட்டி ஒரு திருகு நாப்ப திருகி சத்தத்த கூட்டணும், குறைக்கணும், அதுதான் அவருக்கு ரேடியோ. நான் ஓட்டிக்கிட்டே ஆப்ப நோண்டவும் முடியாது.

ஸ்பேனர்_அங்கிள்:
அப்ப அத மொதல்ல சொல்லணும்ல! முழுக்க தொடுதிரை செட்டு வாங்காதீங்க, வால்யூமுக்கு நிஜமான திருகு இருக்குற மாடல் கேளுங்க. ஆண்ட்ராய்டுலயும் இருக்கு, பயனியர், கென்வுட்லயும் இருக்கு. அப்புறம், கழட்டுற செட்ட எறியாதீங்க, வண்டிய விக்கிறப்ப அத திரும்ப மாட்டிட்டு புதுச அடுத்த வண்டிக்கு கொண்டு போயிடலாம். மச்சான் சொன்ன ஜேபியும் தப்பில்ல, ஆனா ஏதாச்சும் கோளாறுன்னா ஒவ்வொரு தடவையும் எல்லை தாண்ட காஸ்வேல நிக்கணும்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
ஒரு விஷயம் யாரும் சொல்லல. நான் ஆன்லைன்ல ஒரு செட்டு வாங்கி மாட்டி, ஆசையா ஒலி வைக்கலாம்னா 96.7 வருது, அடுத்து 96.9, நடுவுல 96.8 இல்லவே இல்ல! வித்தவனுக்கு மெசேஜ் போட்டா "உங்க ஊர்ல சிக்னல் வீக்"குங்கிறான். கடைசில பாத்தா செட்டு அமெரிக்கா செட்டிங்ல இருந்துச்சு, அங்க ஸ்டேஷன் எல்லாம் ஒத்தப்படைதான், 0.2 0.2ஆ தாவும். ரேடியோ ரீஜன்னு ஒரு இடம் இருக்கும், அத ஆசியாவோ ஐரோப்பாவோ மாத்தினதும் சரியாயிடுச்சு. கடைய விட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே 96.8 வச்சு கேட்டுட்டு வாங்க தம்பி.

தெம்பனிஸ்_தம்பி:
மாத்தியாச்சு! ஊபி ஆளுகிட்டயே போனேன், சாக்கெட்டு, கேமரா கன்வெர்ட்டர், 200 அகல செட்டு, திருகு எல்லாம் சேத்து கடைசில 590. "அப்ப 450ன்னு சொன்னீங்களே"ன்னேன், "அது வெறும் செட்டு பாஸ்"ங்கிறார். அக்கா சொன்ன மாதிரி அங்கயே 96.8 வச்சேன், வந்துச்சு ஆனா கரகரப்பு. நீல வயர் போட்டீங்களான்னு கேட்டதும் ஆளு என்ன ஒரு மாதிரி பாத்துட்டு பேனல திரும்ப கழட்டினார், தனியா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சொருகினதும் தண்ணி மாதிரி கிளியர். அங்கிள், உங்களுக்கு ஒரு தே தாரிக் என் கணக்கு.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஸ்டியரிங்ல சத்தம் கூட்டுற பட்டன அமுக்கினா ஸ்டேஷன் மாறுது.

ஸ்பேனர்_அங்கிள்:
செட்டிங்ல ஸ்டியரிங் லேர்னிங்னு இருக்கும். அதுல போய் எல்லாத்தையும் அழிச்சிட்டு, ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் புடிச்சு அது என்ன வேலைக்குன்னு சொல்லிக் குடுங்க. இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கணும். தே தாரிக் வேணாம், எனக்கு சக்கரை வியாதி, சக்கரை போடாத கோப்பி ஓ கோசோங் போதும். மேல ஒருத்தர் அந்தப் பேருல இருக்கார், அவர சொல்லல.

தெம்பனிஸ்_தம்பி:
ஹாஹா சரி அங்கிள், பட்டன் சரியாயிடுச்சு. இன்னிக்கு காலைல அப்பா ஏறினதும் ஒரு திருகு திருகி செய்தி வச்சாரு, சென்டர் போற வரைக்கும் கேட்டாரு. இறங்குறப்ப "விளம்பரம் ரொம்ப போடுறான்"னு சொல்லிட்டு போறாரு.