புது 4 ஜிபி ரேம் போட்டால் திரை கறுப்பு – ஐ5-520எம் லேப்டாப், உதவி தேவை

மதுரைக்காரன்:
கோர் ஐ5-520எம் உள்ள 2010 மாடல் லேப்டாப். இரண்டு ஸ்லாட்டிலும் 2 ஜிபி டிடிஆர்3 இருந்தது. ஒன்றைக் கழற்றிவிட்டுப் புது 4 ஜிபி போட்டேன். பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. பழையதைத் திரும்பப் போட்டால் ஓடுகிறது. புதுசின் ஸ்டிக்கரில் "4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்" என்று இருக்கிறது. வேறொரு லேப்டாப்பில் இதே ரேம் ஓடுகிறது. ஸ்லாட் போச்சா?

நைட்ஷிப்ட்:
பிசி3எல் என்றால் 1.35 வோல்ட். உங்களுடையது 1.5 வோல்ட் மதர்போர்டு. அதுதான் காரணம், மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
வோல்ட் காரணமில்லை. பிசி3எல் என்று ஸ்டிக்கரில் இருக்கும் இந்த டிடிஆர்3எல் வகை 1.5-லும் ஓடும். இதற்கு நேர்மாறாகச் செய்தால்தான் வம்பு: நாலாம் தலைமுறை ஐ5 லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்தான், அதில் 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் எழாது. வேகமும் காரணமில்லை, 12800 என்பது 1600 வேக ரேம், இதில் 1066-க்கு இறங்கிக்கொள்ளும்.

சிக்கல் அந்த "1ஆர்எக்ஸ்8"-ல் இருக்கிறது, அதாவது எட்டுச் சிப் கொண்ட ஒரே தொகுதி. ரேமைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் கறுப்புச் சிப்புகளை எண்ணுங்கள். மொத்தம் எட்டுதான் வரும். 4 ஜிபியை எட்டால் வகுத்தால் சிப்புக்கு 512 எம்பி, அதாவது 4 கிகாபிட். உங்களுடையது முதல் தலைமுறை ஐ5, அதன் மெமரி கன்ட்ரோலருக்கு (ரேமைக் கையாளும் பகுதி) 2 கிகாபிட் சிப் வரைதான் கணக்குத் தெரியும். 2 கிகாபிட் சிப்பின் வரிசை முகவரிக்கு (சிப்புக்குள் எந்த வரிசை என்று சொல்லும் எண்) 15 பிட் போதும், 4 கிகாபிட்டுக்கு 16 வேண்டும். சில போர்டுகளில் பாதி மட்டும் தெரியும், பல போர்டுகள் உங்களுடையது மாதிரி முழித்துக்கொண்டு நிற்கும்.

வாங்க வேண்டியது 4 ஜிபி 2ஆர்எக்ஸ்8 (இரண்டு தொகுதி), பிசி3-10600எஸ் அல்லது 8500எஸ். பக்கத்துக்கு எட்டாக 16 சிப் இருக்கும். "டிடிஆர்3 4 ஜிபி" என்று மட்டும் கேட்டால் எட்டுச் சிப் உள்ளதையே நீட்டிவிடுவார்கள், எண்ணிப் பார்த்தே காசு கொடுங்கள். ஒற்றை 8 ஜிபி இதில் வேலைக்கு ஆகாது, உச்சமே 4+4தான்.

போடும்போது சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பள்ளத்தைப் பார்த்துச் சாய்வாகச் செருகி, தங்கப் பட்டை கிட்டத்தட்ட மறையும்வரை தள்ளிய பிறகுதான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் "டக்" என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தாலும் இதே கறுப்புத் திரைதான். பழைய ரேமின் பட்டை மங்கியிருந்தால் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போய்விடும்.

மதுரைக்காரன்:
எண்ணினேன், எட்டேதான். 16 சிப் உள்ளதை மாற்றி வாங்கிப் போட்டதும் எழுந்துவிட்டது. பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) 6144 எம்பி. ஆனால் விண்டோஸ் 10-ல் "6 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 2.93" என்று காட்டுகிறதே?

நைட்ஷிப்ட்:
வோல்ட் விஷயத்தில் நான் சொன்னது தப்புதான். இது 32-பிட் விண்டோஸின் வேலை. அதற்கு 4 ஜிபி முகவரிதான் எல்லை, அதிலும் கிராபிக்ஸும் மற்ற வன்பொருளும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய் 'சிஸ்டம் டைப்' பாருங்கள். 32-பிட் என்றிருந்தால் 64-பிட்டைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும், மேலேயே அப்கிரேடு செய்ய வழியில்லை. ஃபைல்களை முதலில் வெளியே நகலெடுங்கள். அதே எடிஷன் என்றால் லைசென்ஸ் செல்லும். ஏற்கெனவே 64-பிட் என்றிருந்தால் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் 'மேக்சிமம் மெமரி' டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
நிறுவுவதற்கு முன்னால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். கெட்ட ரேமில் விண்டோஸ் நிறுவினால் ஃபைல்களே பழுதாகிப் பதியும், அப்புறம் வரும் நீலத்திரைக்குக் காரணம் தேடி மாளாது. சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் ரேமை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுச் சோதித்து, பிழை காட்டுவதைத் திருப்பிக் கொடுங்கள்.

4+2 கலப்பு பரவாயில்லை. 2+2 இரட்டைச் சேனலில் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில், வேகமாக) ஓடும், மிச்ச 2 ஒற்றையில். இன்னொரு 4-க்கு அலையாமல், ஹார்டு டிஸ்க் இன்னும் சுழலும் வகைதான் என்றால் அந்தக் காசில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, 64-பிட்டை அதிலேயே நிறுவிவிடுங்கள்.