களப்புச் சேற்றில் மூபியூற்றைல் வெள்ளீயம்: பற்றீரியா உடைக்குதா, சேறு உறிஞ்சுதா?

நந்திக்கரை:
நந்திக்கடல் சேற்றையும் களப்பு நீரையும் குடுவையில் எடுத்து, கப்பல் அடிப்பூச்சில் இருந்த மூபியூற்றைல் வெள்ளீயத்தை (மூன்று பியூற்றைல் காபன் சங்கிலிகள் ஒட்டிய வெள்ளீயச் சேர்வை) சேர்த்து வைத்தோம். நீரில் அளவு விரைவாக விழுந்துவிட்டது. பற்றீரியா உடைத்துவிட்டது என்று எழுதலாமா?

வன்னிமண்:
எழுதேலாது. இந்தச் சேர்வை சேற்றின் சேதனப் பொருளிலும் குடுவைச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும்; நீரில் குறைந்தால் இடம் மாறியிருக்கலாம். இரண்டு தொகுதி வையுங்கோ: ஒன்றில் உயிருள்ள சேறு, மற்றதில் 121 பாகை செல்சியசில் கொன்ற சேறு. பற்றீரியாவின் வித்திகள் சூட்டுக்குத் தப்பும் என்பதால் அடுத்தடுத்து மூன்று நாள் அவிக்க வேணும். 250 மில்லிலீற்றர் குடுவைக்கு 100 மில்லிலீற்றர் நீரும் 5 கிராம் ஈரச்சேறும் போதும். புறவூதாக் கதிரும் இதை உடைக்கும், அலுமினியத் தாள் சுற்றுங்கோ. எதனோலில் கரைத்துச் சேர்த்தால் 0.1 வீதத்தைத் தாண்ட விடாதேங்கோ, பற்றீரியா அதைத் தின்று பெருகும்.

நீரையும் சேற்றையும் சேர்த்தே பிரித்தெடுத்து அது உடைந்து வரும் இருபியூற்றைல், ஒருபியூற்றைல் வடிவங்களையும் அளவுங்கோ. மூன்றையும் வெள்ளீயமாக மாற்றித்தான் கூட்ட வேணும்: 290 கிராம் மூபியூற்றைலில் வெள்ளீயம் 118.7 கிராம்தான். மூபியூற்றைல் குறைய மற்ற இரண்டும் ஏறினால், கொன்ற சேற்றில் அது நடக்காவிட்டால், அதுதான் சான்று.

நுண்ணுயிர்:
பியூற்றைல் சங்கிலிகள் ஒவ்வொன்றாகத்தான் கழலும். நொதியம் சங்கிலியில் ஒட்சிசனைச் செருகி ஐதரொட்சிலாக்கும், பிறகு அந்தத் துண்டு பிரியும். இதற்கு ஒட்சிசன் வேணும், ஆகவே குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருங்கோ. அழுகிய முட்டை மணக்கும், ஒட்சிசன் இல்லாத கறுப்புச் சேற்றில் மூபியூற்றைல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தடித்த படையாகச் சேறு படிந்தால் குடுவைக்குள்ளும் அதே கதிதான்.

நஞ்சு கலந்த ஊடகத் தட்டில் பற்றீரியாக் கூட்டம் வளர்ந்ததை வைத்து முடிவெடுப்பதுதான் இதில் பெரிய பிழை. சூடோமோனாசு என்ற பற்றீரியாவின் இனங்கள் சில நஞ்சை வெளியே பம்பி எறிந்துவிட்டு வாழும், உடைக்காது. மூபியூற்றைலை மட்டும் காபன் மூலமாகக் கொடுத்தால் அநேகமாக வளரவும் மாட்டாது, தட்டில் உணவாக 0.1 வீதம் சக்சினேற்று சேருங்கோ. பியூற்றைலுக்குப் பதில் பீனைல் ஒட்டிய மூபீனைல் வெள்ளீயத்தில் கதை வேறு: சூடோமோனாசு குளோரோராபிசு இரும்பு தேடச் சுரக்கும் பயோவேர்டின் கலத்துக்கு வெளியிலேயே அதை உடைக்கும். அதற்கு இரும்பு குறைந்த ஊடகம் வேணும்.

வன்னிமண்:
இன்னொன்று. முகத்துவாரம் மணலால் மூடியிருக்கும் காலத்து உப்பளவும் மாரிக்குப் பிந்தியதும் ஒன்றல்ல, சேறு எடுக்கும்போதே அளந்து குறியுங்கோ. இந்தப் பூச்சுக்கான உலகத் தடை 2008 இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு வந்த பூச்சுகளில் செம்பு அதிகம், அதுவும் பற்றீரியாவைக் கொல்லும். ஆகவே சேற்றில் செம்பையும் பாருங்கோ. கழுவிய நீரைக் களப்பில் ஊற்றவே கூடாது: லீற்றருக்குச் சில நனோகிராமே கடல் நத்தைப் பெட்டைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்க வைக்கும். மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்து, இரசாயனக் கழிவாக ஒப்படையுங்கோ.