புது நாவல்கள்: முதல் ஐம்பது பக்கம் பிரமாதம், அப்புறம்?

கேள்வி: அண்மையில் வந்த நாவல்கள் பலவற்றில் மொழி அருமை, பாதிக்கு மேல் தொய்வு. விமர்சனத்தில் வெறுமனே "இழுவை" என்று எழுதினால் நியாயமா? எப்படிப் பிரித்துச் சொல்வது?

பதில் 1: அத்தியாய எண்ணோடு சொல்லுங்கள். பல நேரம் கோளாறு இரட்டைக் காலக்கோட்டில்தான், அதாவது பழைய கதையும் நிகழ்காலக் கதையும் மாறி மாறி வரும் அமைப்பில். பழைய கதை விறுவிறுப்பாகப் போகும். நிகழ்கால இழையில் யாராவது ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே திரும்பும்போதெல்லாம் வேகம் படுத்துவிடும். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் 'இதில் என்ன மாறியது?' என்று பென்சிலால் ஒரு வரி குறியுங்கள். தொடர்ந்து மூன்று இடம் காலியாக இருந்தால், இழுவை அங்கேதான். மனநிலை மாறினாலும் மாற்றம்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

பதில் 2: உரையாடலையும் சோதியுங்கள். பெயர்களை மறைத்துப் படித்தால் பாட்டியும் பேரனும் ஒரே மாதிரி பேசுகிறார்களா? அப்படியென்றால் பேசுவது எழுத்தாளர். "உனக்குத்தான் தெரியுமே, அப்பா போய்ப் பத்து வருஷம் ஆச்சு" வகை வசனம் சுத்தத் தகவல் திணிப்பு.

பதில் 3: எழுத்துப்பிழை, மெய்ப்புப் பார்ப்பவர் (அச்சுக்கு முன் பிழை திருத்துபவர்) கணக்கு; கதையின் மதிப்பெண்ணில் கழிக்க வேண்டாம். பின்னட்டைப் புகழுரை தந்த ஏமாற்றத்தையும் நாவலின் தலையில் கட்டாதீர்கள்.