கோட்டையை எரித்தவர் நம்மவரா?

மாயேபூர்க்காரன்:
போன ஞாயிறு பிள்ளைகளோடு நம் மொரீஷியஸின் வியே கிரான் போர் ஊருக்குப் போனேன். 1638இல் டச்சுக்காரர்கள் கடலோரம் கட்டிய ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக் கோட்டையில் இன்று பார்க்க அடிச்சுவர்கள்தான். அதே இடத்தில் பிரெஞ்சுக்காரர்களும் பின்னாளில் கட்டியிருக்கிறார்கள். 1695 ஜூன் 18 இரவு டச்சுக் கோட்டைக்குத் தீ வைத்த அடிமைகளில் ஒருவர் பெயர் 'மலபார் அந்தோனி'. பக்கத்துத் தீவான ரீயூனியனில் மல்பார் என்றால் தமிழர்தானே? பிறகு ஏன் நம் கதையை 1735இல் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே வந்த பிறகு அழைத்துவந்த கொத்தனார்களிடமிருந்தே தொடங்குகிறோம்?

ரோஸ்ஹில் அக்கா:
தம்பி, அவசரப்படாதே. ரீயூனியனை விடு, நம் தீவில் இன்று அந்தச் சொல் வடஇந்தியரைக் குத்துகிற ஏச்சு. காலத்துக்குக் காலம் ஆள் மாறுகிற பெயரை வைத்து ஊர் சொல்ல முடியாது. டச்சுக் கம்பெனி 1663இல் கொச்சியைப் பிடித்தது. அவர்கள் கணக்கில் மலபார் அந்தக் கேரளக் கரை. நாகப்பட்டினமும் பழவேற்காடும் கொரமாண்டல், அதாவது சோழமண்டலக் கரை.

மாயேபூர்க்காரன்:
யாழ்ப்பாணத் தமிழரையும் அவர்கள் மலபார் என்றுதானே எழுதினார்கள்?

ரோஸ்ஹில் அக்கா:
எழுதினார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் 'தமிழர் இல்லை' என்று நான் சொல்லவில்லை. 'தமிழர்தான்' என்று நீயும் அடித்துச் சொல்லாதே. அந்தோனி என்ற பெயரிலும் ஊர் தெரியாது. கூட இருந்தவர்களைப் பார்: அம்போன் (இந்தோனேசியத் தீவு) ஆரோன், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) பால், வங்காளத்து அன்னா, எஸ்பெரான்ஸ். மூன்று கடல் தாண்டி வந்து சேர்ந்தவர்கள். நீ ஒருவரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாய்.

கருங்காலி:
இரண்டு பேரும் கோட்டையை மறந்துவிட்டீர்கள். தீயோடு டச்சுக்காரர்கள் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1658இல் ஒரு முறை கிளம்பி 1664இல் திரும்பி வந்த ஆட்கள் அவர்கள். எரிந்த பிறகும் கட்டிக்கொண்டு இருந்தார்கள். விட்டுப் போனது 1710இல். புயல், எலி, கருங்காலி மரம் வெட்டினாலும் கட்டுப்படியாகாத செலவு. 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவை எடுத்துக்கொண்டார்கள்.

மாயேபூர்க்காரன்:
சரி, பிள்ளைகளிடம் 'மலபாரிலிருந்து வந்தவர்' என்றே திருத்திச் சொல்கிறேன். ஆனால் 'நம்மவர்' என்பதை விடமாட்டேன்.

ரோஸ்ஹில் அக்கா:
விடாதே. வங்காளத்து அன்னாவையும் அதே மூச்சில் சொல். உன் பெரிய மகளுக்கு அவள் கதைதான் பிடிக்கும், பார்.